மண் மெலிந்தால் குளவியும் தோற்கும்

2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் குளவிகளைத் திறந்துவிட்டார்கள். குளவி என்றதும் சுவர் மூலையில் மண்கூடு கட்டும் குளவியை நினைத்துவிட வேண்டாம். இது எள்ளில் பாதிதான் இருக்கும், கொட்டாது, அருகில் பறந்தாலும் கண்ணில் படாது. பெயர் அனாகைரஸ் லோபெசி. பூர்வீகம் தென் அமெரிக்கா. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021-இல் இதை வரவழைத்துச் சோதித்துப் பெருக்கியது, பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம். குளவிக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிச் செடியில் அப்பிக் கிடக்கும் மாவுப்பூச்சியைத் தேடிப்பிடித்து, அதன் உடம்புக்குள் முட்டை வைக்க வேண்டும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும்.

அந்த மாவுப்பூச்சி 2020-இல்தான் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது, கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில். சீக்கிரமே சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரி என்று நம் மரவள்ளி மாவட்டங்களுக்கு வந்துவிட்டது. இந்த இனத்தில் ஆண் தேவையில்லை. பெண் தனியாகவே சில நூறு முட்டைகள் இடும். பொரிவதெல்லாம் பெண்ணாகவே பிறக்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பூச்சியோடு ஒரு கட்டு விதைக்குச்சி லாரியில் ஏறினால் போதும், அடுத்த மாவட்டம் அதன் கைக்கு வந்துவிடும். அது சாற்றை உறிஞ்சும்போது எச்சிலையும் உள்ளே செலுத்துகிறது. அதனால் கணுக்கள் நெருங்கிக் குறுகி, நுனிக் குருத்து முட்டைக்கோசு போலத் திரண்டுவிடும். அந்தத் திரட்சிக்குள் மெழுகுத் தூளைப் போர்த்திக்கொண்டு பூச்சி உட்கார்ந்திருக்கும். மேலே தெளிக்கிற மருந்து அதைத் தொடுவதே இல்லை.

சேலத்துக்கு மரவள்ளி வெறும் கிழங்கு அல்ல. இரண்டாம் உலகப்போரில் மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனதும், மரவள்ளி மாவிலிருந்து இங்கேயே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அதிலிருந்து ஆலைகள், களங்கள், 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு என்று ஒரு வட்டாரமே இந்தச் செடியின் மேல் நிற்கிறது. நம் வீட்டுப் பாயசத்துக்கும் வடகத்துக்கும் பின்னால் இருப்பது அந்தக் குருத்துதான்.

இதே பூச்சி 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் கால் வைத்தது. மரவள்ளியைப் போலவே அதுவும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. ஆனால் செடி கடல் கடந்து சில நூற்றாண்டுகள் ஆன பிறகுதான் பூச்சி வந்து சேர்ந்தது. பூச்சி வந்தது, அதன் பகைவர்கள் வரவில்லை. காங்கோவில் தொடங்கி, கண்டத்தின் மரவள்ளிப் பகுதி முழுவதையும் சூறையாடியது. அப்போது சுமார் 20 கோடிப் பேரின் அன்றாட உணவாக இருந்தது மரவள்ளி. நைஜீரியாவில் இருக்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் பணியாற்றிய சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் பகைவனைத் தேடும் வேலை நடந்தது. 1981-இல் பராகுவேயில் இந்தக் குளவி கிடைத்தது. அதை நாடு நாடாகக் கொண்டுபோய் விட்டார்கள். ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2008-இல் தாய்லாந்தில் மாவுப்பூச்சி இறங்கியபோது, பெனினிலிருந்து குளவியை வாங்கித்தான் அவர்களும் சமாளித்தார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். வெளியூர்ப் பூச்சி வந்தது, அதன் எமனையும் அழைத்து வந்தோம், கணக்கு நேர். நம் அதிகாரிகளும் செய்தித்தாள்களும் பெரும்பாலும் இந்த அளவில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் வேறொன்றையும் கண்டார்கள். என் கணக்கில் குளவியைவிட அந்தக் கண்டுபிடிப்புதான் பெரியது. நம்மிடம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

குளவி எல்லா வயலிலும் வெல்லவில்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே, ஒரு வயலில் மாவுப்பூச்சி அடங்கியது, இன்னொன்றில் அடங்கவில்லை. அடங்காத வயல்களைப் பார்த்தால் பெரும்பாலும் சத்தில்லாத மணற்பாங்கான நிலங்கள். மண்ணுக்கும் குளவிக்கும் என்ன உறவு? இடையில் இரண்டு படிகள் இருக்கின்றன. மெலிந்த மண்ணில் செடி மெலிகிறது. மெலிந்த செடியின் சாற்றைக் குடிக்கும் மாவுப்பூச்சி பருக்காமல் சிறுத்தே இருக்கிறது. தாய்க் குளவிக்கு ஒரு வித்தை தெரியும்: கருவுறாத முட்டையை வைத்தால் ஆண், கருவுற்ற முட்டையை வைத்தால் பெண். எதை வைப்பது என்பது அதன் கையில் இருக்கிறது. பெரிய மாவுப்பூச்சி கிடைத்தால் பெண் முட்டை வைக்கிறது, ஏனென்றால் பெண் குஞ்சு வளர நிறைய தீனி வேண்டும். சிறியது கிடைத்தால் ஆண் முட்டையோடு விட்டுவிடுகிறது. ஆகவே மெலிந்த மண்ணில் தலைமுறைக்குத் தலைமுறை ஆண் குளவிகளே மிகுதியாகப் பிறக்கின்றன. ஆண் குளவி முட்டை வைக்காது. படை பெருகாமல் அப்படியே தேய்கிறது. மாவுப்பூச்சிக்குக் கொண்டாட்டம்.

அங்கே கைகொடுத்தது எது தெரியுமா? மூடாக்கு. செடியின் அடியில் தழையும் சருகும் பரப்பி, ஈரத்தைக் காத்து, மண்ணுக்குச் சத்து சேர்த்தபோது செடி தேறியது, மாவுப்பூச்சியும் பருத்தது, பருத்த பூச்சியில் பெண் குளவிகள் பிறந்தன, பூச்சி அடங்கியது. பூச்சியைக் கொழுக்க வைத்துப் பூச்சியை ஒழித்த கதை இது. செடி, அதைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் பூச்சி என்று மூன்று பேரும் ஒரே கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள். கயிற்றின் அடிநுனி மண்ணில் புதைந்திருக்கிறது. அந்த நுனியை விட்டுவிட்டு மேலே தொங்குகிற பூச்சியோடு மட்டும் மல்லுக்கட்டுவதைத்தான் நாம் ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

செடியை வாயில்லாப் பிராணியைவிடவும் கீழாக நினைத்துப் பழகிவிட்டோம் என்பது இதற்கு ஒரு காரணம். ரயில் பாதை ஓரத்து எருக்கைப் பாருங்கள். ஒரு இலையைக் கிள்ளினால் பால் பீறிடும். ஆடுகூட வாய் வைக்காத நஞ்சு. ஆனால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அதையேதான் தின்று வளர்கிறது. அந்த நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைத்து, பறவைகள் தன்னைத் தொடாதபடி பார்த்துக்கொள்கிறது. மஞ்சள் புள்ளி போட்ட எருக்கு வெட்டுக்கிளியும் அதே கட்சி. செடி நஞ்சைக் கூட்ட, பூச்சி அதைத் தாண்ட ஒரு வழி காண, இந்த இழுபறி கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடக்கிறது. செடி கூப்பாடும் போடும். மக்காச்சோளத்தின் இளம்பயிரைப் புழு கடித்தால், புழுவின் எச்சில் பட்டதும் செடி ஒரு தனி வாசனையை வெளிவிடுகிறது. அதை மோப்பம் பிடித்துப் புழுவைக் கொல்லும் குளவி வந்து சேர்கிறது. 1990-இல் ஆய்வாளர் டெட் டர்லிங்ஸும் உடன் இருந்தவர்களும் இதை உறுதி செய்தார்கள். கத்தரிக்கோலால் இலையை வெட்டினால் அதே அளவு வாசனை வராது. தன்னைத் தின்கிறவன் யார் என்று செடிக்கு அடையாளம் தெரிகிறது.

இத்தனை நுட்பமான ஏற்பாட்டில் காற்றையும் மழையையும் நாம் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

காற்றை முதலில் சொல்கிறேன். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோயா வயலைச் சுற்றிக் குழாய்கள் நட்டு, கூரை ஏதும் போடாமல் திறந்தவெளியிலேயே அந்த அளவை 550-க்கு உயர்த்திப் பார்த்தார்கள். 2005-இல் வெளியான முடிவுப்படி, அந்தச் செடிகளின் இலையில் பூச்சி தின்ற பரப்பு மற்றவற்றைவிட 57 சதவீதம் அதிகம். இலையில் சர்க்கரை கூடியது ஒரு காரணம். தொடர்ந்து ஆராய்ந்தபோது, செடியின் தற்காப்பைத் தூண்டும் ஜாஸ்மோனிக் அமிலப் பாதை மந்தமாகியிருந்தது தெரிந்தது. பூச்சியின் வயிற்றில் செரிமானத்தைத் தடுக்கிற புரதத்தைச் செடி குறைவாகவே சுரந்தது. எல்லாச் செடிகளும் சோயாவைப் போலவே நடந்துகொள்ளும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘கரியமில வாயு கூடினால் பயிர் செழிக்கும்’ என்று மேடைகளில் பேசுகிறவர்கள், அந்தச் செழிப்பை யார் சாப்பிடுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெப்பத்தைப் பற்றி 2018-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கணக்கு வந்தது. உலகச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி உயரும்போதெல்லாம் நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் பூச்சிகளால் ஆகும் இழப்பு இப்போதிருப்பதன் மேல் 10 முதல் 25 சதவீதம் கூடும் என்றார்கள். இதை நம் ஊர்க் கூட்டங்களில் அப்படியே எடுத்துவீசுகிறார்கள். அந்தக் கணக்கிலேயே, பெரிய அடி குளிர் நாடுகளுக்குத்தான். ஏற்கெனவே தகிக்கும் நம் போன்ற இடங்களில் பூச்சிகள் பெருகுவதற்கு உகந்த வெப்பத்தின் விளிம்பில் இருக்கின்றன. இன்னும் சூடானால் அவற்றுக்கும் மூச்சு வாங்கும். ஐரோப்பாவில் ஓக் மரம் துளிர்க்கும் நாளுக்கும் புழு பொரியும் நாளுக்கும் இடையே பொருத்தம் கெட்டுப்போனதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அது குளிர்காலம் முடிவதை வைத்து நாள் பார்க்கும் ஊர்களின் சிக்கல். நமக்கு நாள் காட்டுவது மழை.

மானாவாரி நிலக்கடலை போடுகிறவர்களைக் கேட்டால் இதைச் சொல்வார்கள். சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழு ஆண்டில் பெரும்பகுதியை மண்ணுக்குள் தூங்கிக் கழிக்கிறது. கோடை முடிந்து முதல் கனமழை இறங்கியதும் அந்துப்பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பும். அதே மழைக்குத்தான் விவசாயியும் விதைக்கிறார். கடலை முளைத்து இலை விடும்போது புழு பொரிந்து காத்திருக்கும். அதனால்தான் கோடை உழவு போட்டுக் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் காக்கைக்கும் காட்டுவது, மழை பெய்த இரவுகளில் வரப்பில் தீ மூட்டி அந்துப்பூச்சியை இழுப்பது, வயலைச் சுற்றி வாய்க்கால் வெட்டிக் காட்டாமணக்குத் தழையைப் போட்டுப் புழுவைத் திரட்டுவது என்று ஒரு தற்காப்பே இருந்தது. எல்லாம் மழை வரும் நாளை வைத்துப் போட்ட திட்டம். மழை நாள் தவறி, ஒரே நாளில் கொட்டி, பிறகு மூன்று வாரம் காய்ந்தால், பூச்சிக்கு ஒரு வழி பிறக்கிறது. விவசாயிக்கு மறுவிதைப்புதான் மிச்சம்.

வறட்சி மாவுப்பூச்சிக்கு நேரடியாகவே உதவுகிறது. நல்ல மழை பெய்தால் அது குருத்திலிருந்து அடித்துக்கொண்டு போகப்படும். காய்ச்சலில் அப்படி எதுவும் இல்லை. நீரில்லாத செடியின் வளர்ச்சி நின்றுபோவதால் பூச்சி ஒரு குருத்தைத் தின்றால் மறு குருத்து வருவதில்லை. ‘மழை வந்தால் பூச்சி போய்விடும்’ என்று மரவள்ளி விவசாயி சொல்வது பாதி அறிவியல், பாதி பிரார்த்தனை. தென்னையும் இதே பாடத்தைச் சொன்னது. 2016-இல் பொள்ளாச்சியில் சுருள் வெள்ளை ஈ முதலில் தென்பட்டது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. காய்ந்த தோப்புகளில் ஓலையெல்லாம் கரும்பூசணம் பிடித்து நின்றதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது வேளாண் பல்கலைக்கழகம் சொன்னது சரியான யோசனை. மருந்து அடிக்காதீர்கள், வெள்ளை ஈயைத் தின்னும் என்கார்சியா குளவி ஏற்கெனவே வந்துவிட்டது, அதை விட்டுவையுங்கள், மஞ்சள் அட்டை கட்டுங்கள், கரும்பூசணத்துக்கு மைதா பசையைக் கரைத்துத் தெளியுங்கள் என்றார்கள். யோசனை சரி. ஆனால் பக்கத்துத் தோப்புக்காரர் மருந்து அடித்தால் என் தோப்புக் குளவியும்தான் சாகும். அதற்கு என்ன ஏற்பாடு என்று யாரும் சொல்லவில்லை.

மருந்து பூச்சியைக் கூட்டும் என்று சொன்னால் இன்றும் சிரிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகப் புகையானைச் சொல்கிறேன். நெல் வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் புகைந்து கருகியது போல் ஆவதால் அந்தப் பெயர். இந்தத் தத்துப்பூச்சி தன் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மருந்து அடித்தால் வெளியே இருக்கும் பூச்சி சாகிறது, அதைத் தின்ன வந்த சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் சாகின்றன, உள்ளே இருக்கும் முட்டை மட்டும் பத்திரம். சில நாளில் குஞ்சுகள் வெளியே வரும்போது அவற்றைத் தின்ன வயலில் ஆளே இல்லை. யூரியாவை அள்ளிப் போட்டுப் பயிரைக் கரும்பச்சையாக்கியிருந்தால், தழைச்சத்து ஏறிய அந்தச் சாறு முட்டை எண்ணிக்கையையும் கூட்டிக் கொடுக்கும். எதிர்ப்பு ரகங்களை நம்பிப் பார்த்தாயிற்று. 1973-இல் வந்த ஐ.ஆர்.26 ரகத்தின் எதிர்ப்பு சில ஆண்டுகளிலேயே முறிந்தது. 1986-இல் இந்தோனேசியா துணிந்தது. நெல்லுக்கு அடிக்கும் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது, மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது, விவசாயிகளை வயலிலேயே உட்காரவைத்துச் சிலந்தியை எண்ணக் கற்றுக்கொடுத்தது. நெல் விளைச்சல் விழவில்லை.

நம் பரிந்துரைப் புத்தகத்திலும் இந்த ஞானம் இருக்கிறது. தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்து அடிக்கலாம். ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம். இரண்டே வரி. ஒரு சிலந்தியின் சம்பளம் எவ்வளவு என்று அரசே எழுதிவைத்த வரி அது. டெல்டாவில் எத்தனை பேர் அந்தச் சிலந்தியை எண்ணினார்கள்? எண்ணச் சொல்லி வயலுக்கு வந்த அதிகாரி எத்தனை பேர்? பூச்சி விழுந்த இலையைக் கிள்ளிக்கொண்டு போய் மருந்துக் கடை மேசையில் வைக்கிறோம். அந்தக் கடைக்காரர்தான் நோய் கண்டறிபவர், அவரே மருந்து எழுதுபவர், அவரே விற்பவர். மனிதர் வைத்தியத்தில் இதை அனுமதிப்போமா?

நான் மருந்தே கூடாது என்கிற கட்சி அல்ல. விதைக்குச்சியை மருந்தில் நனைத்து நடுவது மரவள்ளியில் நியாயமான வேலை. குளவிக்கு அதனால் கேடு மிகக் குறைவு. என் வழக்கு வேறு. பருவநிலை மாறுவதை நாம் அணைக்கட்டு, பயிர்க் காப்பீடு, நிவாரணத் தொகை என்ற அளவில்தான் பேசுகிறோம். பூச்சி என்று வந்தால் மட்டும் அது வேளாண் துறையின் தெளிப்புக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது. காய்ச்சல் நீளும் என்று வானிலை மையம் சொல்லும்போதே, மரவள்ளி மாவட்டங்களில் குளவி பெருக்கும் வேலை தொடங்கியிருக்க வேண்டும். பூச்சி திரண்ட பிறகு டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து விடுவதில் பயன் பாதிதான். ஏத்தாப்பூரில் செய்ததை வட்டாரத்துக்கு ஒன்றாகச் செய்யலாம். செலவு பெரிதல்ல, வேண்டியது ஆட்கள். மூடாக்கும் தொழுவுரமும் இயற்கை விவசாயக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல், குளவிப் படையின் ரேஷன் என்று கணக்கெழுதி மானியம் கொடுக்கலாம். தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 2008-இல் கோவையில் தொடங்கிய பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரியையும் மரவள்ளியையும் சேர்த்து அழித்தபோது, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குளவிகள்தான் அதை அடக்கின. அப்போது கற்றதை எழுதிவைத்து அடுத்த பூச்சிக்குத் தயாராக இருந்திருந்தால், 2020-க்கும் 2022-க்கும் இடையில் நாமக்கல் விவசாயி இழந்ததில் ஒரு பங்காவது மிஞ்சியிருக்கும்.

அரசு செய்யும்வரை காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த நடவுக்கு விதைக்குச்சி வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால், குச்சி வெட்டிய வயலின் குருத்தைப் போய்ப் பாருங்கள். குருத்து திரண்டிருந்தால், சும்மா கொடுத்தாலும் அந்தக் கட்டைத் தொடாதீர்கள்.